பின்னால நிக்கிறேன் பாஸ்

தொண்ணூறுகளில் மலேசியாவின் கிள்ளான் நகரப் பேரங்காடி ஒன்றில் விர்ச்சுவல் ரியாலிட்டி விளையாட்டு வந்திருந்தது. கண்ணை மறைக்கும் பெரிய ஹெல்மெட்டை மாட்டி, இடுப்பளவு வளையத்துக்குள் நின்று, இல்லாத எதிரிகளைச் சுட வேண்டும். அதைக் கவனித்துக்கொண்டவர் ஒல்லியான மனிதர். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, தோளில் மஞ்சள் துணி. ஒவ்வொருவரும் கழற்றியதும் ஹெல்மெட்டின் உட்புறத்தைத் துடைப்பார். ஹெல்மெட் போட்டிருப்பவரைத் தொடுமுன், "பாஸ், பின்னால நிக்கிறேன்" என்று குரல் கொடுப்பார். கொடுக்காமல் யாரையும் தொட்டதில்லை.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. என் மச்சான் விளையாடும்போது சத்தமில்லாமல் போய் அவன் விலாவில் குத்தினேன். அலறிக்கொண்டு கையை வீசினான். கையிலிருந்த விளையாட்டுத் துப்பாக்கி, பக்கத்தில் நின்ற அந்த மனிதரின் வாயில் பட்டது.

உதட்டில் ரத்தம். ஆனாலும் மச்சானிடம்தான் முதலில் பேசினார்.

"ஒன்னும் இல்ல பாஸ், அசையாதீங்க. நான்தான், கழட்டுறேன்."

"சாரிண்ணே, யாரோ தொட்ட மாதிரி இருந்துச்சு" என்று மச்சான் பதறினான்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பரவால்ல லா" என்றார் அவனிடம்.

முதலில் ஹெல்மெட்டைத் துடைத்தார், பிறகுதான் தன் வாயை. அடுத்தது என் முறை. விலகினால் மச்சானுக்குச் சந்தேகம் வரும் என்று மாட்டிக்கொண்டேன். ஒரே இருட்டு.

"பாஸ், பின்னால நிக்கிறேன். பயப்படாதீங்க."

அந்தக் குரலில் கோபம் இருந்ததா என்று இன்னும் யோசிக்கிறேன். மற்றவர்களுக்குச் சொன்ன அதே குரல்தான்.