அடுப்படிக்குள் போன மாமா மகள்

நான் ஒரு மடையன். தன்னடக்கத்துக்காகச் சொல்லவில்லை. ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குள் போனதைப் பார்த்து, என் கல்யாணத்தை நானே நிறுத்திக்கொண்டவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

எழுபதுகளில் தேவிகுளம் பக்கம் ஒரு டீ பேக்டரியில் வேலை பார்த்தேன். மண்ணெண்ணெய் வாங்கப் போய், கால்பந்து பார்த்துவிட்டு வெறும் கேனோடு திரும்புவேன். கேனாவது திரும்பியதே என்று அம்மா சந்தோஷப்படுவாள். உலர்த்தும் மெஷினில் இலை தீய்ந்துகொண்டிருக்கும். நான் ஜன்னல் வழியே மேகம் பார்த்துக்கொண்டிருப்பேன். "ஏலே, புத்தி எங்கல மேயுது?" என்று வீட்டில் அப்பா கேட்பார், பேக்டரியில் மேற்பார்வை பார்க்கும் டீமேக்கர் கேட்பார். பதிலுக்கு ஏதாவது கோமாளித்தனம் செய்வேன். தொழிலாளர் லயத்து வீடுகள் எல்லாம் சிரிக்கும். நானும் சிரித்துவிட்டு, கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு அழுவேன்.

இதற்கு ஏ.டி.எச்.டி என்று பெயராம். தம்பி பேரனைப் பார்த்த டாக்டர் சொன்னார். அப்படிப்பட்டவர்களில் பலருக்கு ஒருத்தர் முகம் சுளித்தால்கூடத் தாங்காதாம். பொங்கிய மனசு லேசில் அடங்காதாம். "சின்னதுலேருந்து திட்டு வாங்கியே பழகினவங்க, அடுத்த திட்டு எங்கேருந்து வரும்னே பாத்துக்கிட்டு இருப்பாங்க" என்றார். பையனைப் பற்றித்தான் சொன்னார். வேர்த்தது எனக்கு.

மாமா மகள் அடுத்த எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தாள். முறைப்பெண்தான். ஆனாலும் பெரியவர்களை அனுப்பப் பயம். நாலு பேர் முன்னால் வேண்டாம் என்றுவிட்டால்? ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனம் வாசலிலேயே மறந்துபோனது. "என்னையக் கட்டிக்கிடுதியா?" என்று உளறினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

அவ்வளவுதான். நெஞ்சில் கொதிதண்ணீர் விழுந்த மாதிரி இருந்தது. அந்த முதுகில் அப்பாவையும் டீமேக்கரையும் சேர்த்தே பார்த்தேன். தேயிலைச் சரிவில் ஓடினேன், ஒரு செருப்பையும் விட்டுவிட்டு. "எனக்கு அவளப் பிடிக்கலம்மா" என்று வீட்டில் சொன்னேன். அம்மா அதை மாமாவிடம் அப்படியே சொன்னாள். தை பிறந்ததும் அவளை வண்டிப்பெரியாற்றில் கட்டிக்கொடுத்தார்கள்.

அதற்கப்புறம்தான் அத்தை வந்து அம்மாவிடம் அழுதாள். "அவ வெக்கப்பட்டு டீ போடப் போனா மதினி. தம்ளரோட வந்து பாத்தா வாசல்ல ஆளில்ல."

பிறகு ஒருநாள் மாமா மகள் தேவிகுளத்தில் பஸ்ஸுக்கு நின்றாள், இடுப்பில் குழந்தையோடு. எல்லாவற்றையும் கொட்டினேன்: பயந்ததை, ஓடியதை, ஒற்றைச் செருப்போடு நொண்டியதை. நடித்தும் காட்டினேன். குழந்தை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"ஏ பிள்ள, எம்மேல இன்னும் கோவமா?"

"பஸ் வந்துட்டு, அத்தான்."