பைபர் அம்மை

போன வாரம் மகள் கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். முழங்கைக்குக் கீழே சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். டிப்ளமோ முடித்துவிட்டுக் காற்றாலை இறக்கை செய்யும் கம்பெனியில் சேர்ந்து இருபது நாள்கூட ஆகவில்லை. அவளைக் கூப்பிடுவதற்குள் இரண்டு தரம் வேறு யாருக்கோ போட்டுவிட்டேன். “ஒண்ணுமில்லம்மா, பைபர் தூசி. குளிச்சாப் போயிரும்” என்று சிரித்தாள். அந்தப் புள்ளிகள் எனக்குப் புதியவை அல்ல. ஒன்பது வயதில் எனக்கும் வந்திருக்கின்றன. எங்கள் தெருவில் அதற்குப் பெயர்தான் வேறு.

அப்போது அம்மா சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தாள். காலையில் வேன் வந்து ஆரன் அடித்தால், என் தலையைப் பாதிப் பின்னலோடு விட்டுவிட்டு ஓடுவாள். மாமாவும் அதே வேனில் போய்க்கொண்டிருந்தவர்தான். தம்பியாவது நெருப்புக்குத் தூரமாகப் பிழைக்கட்டும் என்று அம்மாதான் பிடிவாதமாக அவரைக் கோயம்புத்தூருக்கு அனுப்பி வேறு தொழில் பழக வைத்தாள். திரும்பி வந்தவர் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரச் செட் போட்டு, கண்ணாடி இழையில் பிசின் பூசிக் குளியலறைக் கதவும் தண்ணீர்த் தொட்டியும் செய்ய ஆரம்பித்தார். “இனிமே மரமும் கெடையாது, இரும்பும் கெடையாதுக்கா. கரையான் அரிக்காது, துருப் பிடிக்காது. எல்லாம் பைபர்தான்” என்பார். அம்மாவுக்குப் பெருமை தாங்காது. எனக்கு மட்டும் செட்டுக்குள் போகக் கூடாது என்று கண்டிப்பு.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், மாமா சாப்பிடப் போன நேரத்தில் உள்ளே போனேன். கண்ணாடி இழை விரிப்பு, மாமா அதை ‘மேட்’ என்பார், சுருள் சுருளாகக் கிடந்தது. வெள்ளை வெளேரென்று, பணக்கார வீட்டு மெத்தை மாதிரி. ஒன்றை விரித்தேன், படுத்தேன், உருண்டேன், தூங்கியும் போனேன்.

சாயங்காலம் அம்மா வேனைவிட்டு இறங்கும்போது கழுத்திலும் கைகாலிலும் சிவப்புப் புள்ளிகளோடு நான் சொறிந்துகொண்டு அழுதுகொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் முதுகு பழுக்கும். நான் பொய் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அம்மா பார்த்த மாத்திரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் வேப்பிலை ஏறிவிட்டது.

எங்கள் ஊரில் அம்மை கண்டவருக்கு இருக்கும் மரியாதை கலெக்டருக்குக்கூடக் கிடையாது. முந்தின நாள்வரை “போ கழுத” என்று விரட்டிய எதிர்வீட்டுப் பெரியம்மா, இளநீரோடு வந்து வாசலுக்கு வெளியே கைகூப்பி நின்றார். “ஆத்தா, எங்க வீட்டுப் பக்கம் வந்துராதீக. எம் மகளுக்குக் கல்யாணம் எப்பக் கூடும்னு மட்டும் சொல்லுங்க.” நான் கொஞ்சம் யோசித்து, “தையில” என்றேன். நடந்தது தையில்தான். எந்த வருஷத்துத் தை என்று அவர் கேட்கவில்லை.

மாமா மட்டும் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில், அம்மா என் உடுப்புகளை மஞ்சள் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தபோது, ஜன்னலில் முகத்தை வைத்துக் கேட்டார். “ஏத்தா, மேட்ல படுத்தியா?”

“ம்.”

“வாயத் தொறந்துறாத. எங்க அக்கா ரெண்டு பேர் தொலியையும் உரிச்சுருவா.”

அன்று மாலைக்குள் அரிப்பு முக்கால்வாசி நின்றுவிட்டது. ஆனாலும் நான் சொல்லவில்லை. பயம் பாதிக் காரணம்தான். அம்மை கண்ட வீட்டிலிருந்து யாரும் ஆலைக்குப் போகக் கூடாது. மூன்று தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை வேன் எங்கள் வாசலில் நிற்காது. தீபாவளி சீசன் உச்சத்தில், ஒரு திங்கட்கிழமைப் பகலில், என் அம்மா வீட்டில் இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொழுந்தால் என் கையை வருடிக்கொண்டே விடுகதை போட்டாள். அம்மாவுக்கு விடுகதை தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை அம்மாவின் முன்கைகளில் அதே புள்ளிகளைப் பார்த்தேன். என் களவாணித்தனத்துக்கு மாரியாத்தா அம்மாவைப் பிடித்துவிட்டாள். அவள் செத்துப்போவாள் என்றே முடிவு செய்துவிட்டேன்.

“எனக்கு அம்மை இல்லம்மா, மாமா செட்டுல மேட்ல படுத்தேன்” என்று ஏங்கி ஏங்கி அழுதேன்.

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். “ஆத்தா இருக்க எடத்துல சத்தம் போடக்கூடாது. படு” என்றாள். அடி விழவில்லை. என்னைப் படுக்க வைத்து, அவளும் பக்கத்தில் பாயை விரித்து நீட்டி நிமிர்ந்து படுத்தாள். பட்டப்பகலில் அம்மா தூங்கி நான் அதுவரை பார்த்ததில்லை. லேசாகக் குறட்டைகூட விட்டாள். வேப்பிலை பத்து நாள் வாசலில் காய்ந்து தொங்கியது. அம்மா சாகவில்லை. நான் சொன்னதை அவள் நம்பவில்லை, அவ்வளவுதான் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்கு வருகிறாள். நேற்றுப் பேசும்போது, “என் வேலை உடுப்பைத் தொட்றாதம்மா. அலசினாலே உன் கையிலயும் ஏறி அரிக்கும்” என்றாள். சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை என் உடுப்புகளை மஞ்சள் தண்ணீரில் அலசிய அம்மாவின் கைகள் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

நான் அழுது சொல்வதற்கு இரண்டு நாள் முன்பே அம்மாவின் கைகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வேப்பிலையை மட்டும் அவள் அவிழ்க்கவில்லை.