மே மாதம் வரைக்கும்

நாயுடுபுரத்தில் நாங்கள் நடத்திய சாக்லேட் கடைக்கு மழைக்காலத்தில் ஆள் வராது. கொடைக்கானலில் பிழைப்பே சீசனை நம்பித்தான். ஏப்ரலிலும் மேயிலும் சம்பாதிப்பதை வைத்து மீதி வருடத்தை ஓட்ட வேண்டும். பழைய வங்கி மேலாளருக்கு இது தெரியும். கடன் கொடுக்கும்முன் அடுப்படிவரை வந்து பார்ப்பார், கேள்வி கேட்டே உயிரை வாங்குவார். ஆனால் தவணை தவறினால், "மே மாசம் சேர்த்துக் கட்டிருங்க" என்று விட்டுவிடுவார்.

அவருக்குப்பின் வந்தவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வீட்டையும் கடையையும் அடமானமாக எழுதிக்கொண்டு, புது மெஷினுக்கு நாங்கள் கேட்டதைவிட அதிகமாகவே கொடுத்தார். என் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். "நம்ம மேல நம்பிக்கை இல்லாமலா குடுக்குறாங்க?" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வருடம் மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. மலைப்பாதையில் மண் சரிந்தது. பூஜை லீவுக் கூட்டமும் வரவில்லை. தவணைகள் நின்றன. வழக்கம்போல மே வரைக்கும் அவகாசம் கேட்க இருவரும் வங்கிக்குப் போனோம். சர்ச்சுக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன், என்னமோ அது உதவும் என்பதுபோல.

மேலாளர் உட்காரச் சொல்லிப் பொறுமையாகவே பேசினார். "தப்பா நினைக்காதீங்கம்மா. நீங்க கட்டாம விட்டா எங்க நஷ்டத்தை இன்னொரு கம்பெனி கொடுத்துரும். கடன் கொடுக்கும்போதே அவங்களோட அப்படி ஒப்பந்தம் போட்டாச்சு. இப்ப நான் டைம் கொடுத்தா அந்த ஒப்பந்தம் செல்லாது."

அப்போதுதான் உறைத்தது. எங்களை நம்பி அவர்கள் கொடுக்கவில்லை. நாங்கள் மூழ்கினாலும் நஷ்டமில்லை என்பதால் கொடுத்திருக்கிறார்கள்.

"அப்ப நாங்க பொழைச்சு வந்தா யாருக்குங்க லாபம்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். குரல் உடைந்துவிட்டது. மேலாளர் தண்ணீர் வரவழைத்தார். அந்தத் தம்ளரை அவர் மூஞ்சியில் எறிந்திருக்க வேண்டும். குடித்துவிட்டு நன்றி சொன்னேன்.

கர்த்தரே, மே வரைக்கும் மட்டும் என்று தினமும் அழுது ஜெபித்தேன். அவரும் அவகாசம் தரவில்லை. மார்ச் கடைசியில் வீட்டுக்கும் கடைக்கும் சீல் வைத்துவிட்டார்கள். மலையில் கீழே இருக்கும் பண்ணைக்காடு ஊரில் ஒற்றை அறைக்கு வாடகைக்குப் போனோம்.

அந்த மே மாதம் கொடைக்கானலில் வண்டி நிறுத்த இடமில்லை என்றார்கள். வருடாவருடம் வரும் மதுரைக் குடும்பத்திலிருந்து போன் வந்தது. "அக்கா, கடை வாசல்லதான் நிக்கிறோம். எப்ப திறப்பீங்க?"

"நாளைக்கு வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.