பலமில்லை என்று நான் எழுதிய கட்டடம்

விருதுநகர் மெயின் பஜாரில், பழைய கடைகளின் வரிசையில், தேக்கு உத்தரம் போட்ட மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் வத்தல் மண்டி. நான் அதற்குள் நுழைந்ததே அதை இடிக்க வழி பண்ணத்தான்.

கட்டடப் பொறியாளனான எனக்கு அந்த வருஷம் வேலை குறைவு. உரிமையாளர் அங்கே காம்ப்ளெக்ஸ் கட்ட நினைத்தார். கீழே முன்பக்கம் ஓர் அக்கா வாடகைக்கு இருந்தார். கலியாணப் பத்திரிகை, காலண்டருக்கு ஆர்டர் எடுத்து, சிவகாசியில் அச்சடித்து வாங்கித் தரும் கடை. கணவர் இறந்த பிறகு தனியாகவே நடத்திவந்தார்.

“கட்டடம் பலமில்லைன்னு ரிப்போர்ட் எழுதிக் கொடுங்க. புதுக் கட்டட வேலை உங்களுக்குத்தான்” என்றார் உரிமையாளர்.

ஒரு காலை முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். இரண்டடி கனத்தில் சுவர். சுண்ணாம்புக் காரையைச் சாவியால் கீறினேன், பொடிகூட உதிரவில்லை. பிற்பாடு யாரோ சிமெண்டில் ஒட்டவைத்த சன்ஷேடில் மட்டும் வெடிப்பு. அதையே நாலு கோணத்தில் போட்டோ எடுத்தேன். எனக்காக ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அக்கா கேட்டார்:

“நெசமாவே விழுந்துருமா தம்பி?”

“இந்த மழை தாங்காதுக்கா.”

சண்டை போடுவார் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் காலி செய்துவிட்டார். “பிள்ளை குட்டியோட பத்திரிகை பாக்க வர்ற இடம். நீங்க சொல்லலைன்னா நான் பாட்டுக்கு உக்காந்திருப்பேன்” என்று நன்றியும் சொன்னார். பக்கத்துக் கிராமமான ஆமத்தூரில் தன் வீட்டு முன்னறையில் கடையை வைத்துக்கொண்டார்.

இடிக்க வந்தவர்கள் கடப்பாரையால் இரண்டு நாள் போராடியும் ஒரு சுவர்கூடச் சாயவில்லை. மூன்றாம் நாள் ஜேசிபி வந்தது. அன்று அக்காவும் வந்து எதிர்ச்சாரியில் என் பக்கத்தில் நின்றார்.

“எம்புட்டு பலமா இருந்திருக்கு, பாத்தீகளா தம்பி.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். “சில கட்டடம் அப்படித்தான்க்கா. உள்ளுக்குள்ள போயிருக்கும், வெளியே தெரியாது” என்றேன்.

“அதுஞ்சரிதான். உங்களுக்குத் தெரியாததா” என்று சொல்லி பஸ்ஸுக்குப் போனார்.

ரிப்போர்ட்டை எழுதியதைவிட அந்தப் பதிலுக்காகவே அதிகம் வருந்துகிறேன். இப்போது அங்கே கண்ணாடி முகப்போடு நான் கட்டிய காம்ப்ளெக்ஸ், உள்ளே செல்போன் கடைகள். அந்தப் பக்கம் போக நேர்ந்தால் வண்டியை வேறு தெருவுக்குத் திருப்பிவிடுகிறேன்.

போன வருஷம் உண்மையைச் சொல்லிவிட வேண்டுமென்றே ஆமத்தூர் போனேன். அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்தார். “வாங்க தம்பி, சாப்பிட்டீகளா?” ஊருக்குள் இருப்பதால் ஆர்டர் சரியாக வருவதில்லையாம். பஜார் என்றால் போகிற வருகிற ஆட்கள் நுழைவார்கள், இங்கன யார் வருவா என்றார். குறையாகச் சொல்லவில்லை.

வாய்வரை வந்தது. “புது வீட்டுப் பால்காய்ப்புக்குப் பத்திரிகை அடிக்கணும்க்கா” என்றேன்.

இருநூறு பத்திரிகை. சொன்ன நாளில் வந்து சேர்ந்தன. ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.