கடலை இடது கைப்பக்கம் வைத்து நட என்றேன்

மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியபோது நாங்கள் இருவரும் அமெரிக்கா போவதாக இருந்தது. மகளும் மருமகனும் அங்கே கிழக்குக் கடற்கரை நகரம் ஒன்றில் வேலையில் இருக்கிறார்கள். என் பாஸ்போர்ட்டில் பிறந்த வருஷம் தப்பாக இருந்தது. திருத்தி வருவதற்குள் நாள் போய்விட்டது. என் மனைவி மட்டும் கிளம்பினாள். கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கும் எங்கள் கோட்டைக்குப்பத்தில் பிறந்து அங்கேயே வாக்கப்பட்டவள்; மெட்ராஸுக்குக்கூடத் தனியாகப் போனதில்லை.

மகள் போனில் சொல்லச் சொல்ல நான் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன்.

"கருவாடு வேணாம் நைனா, ஏர்போர்ட்ல நிக்க வெச்சு கேப்பாங்க. நல்ல செருப்பா வாங்கிக் குடு, வெயில் ஏறுனா தரை சுடும். பீச்சுல செவப்புக் கொடி கட்டியிருந்தா தண்ணில எறங்கக் கூடாதுன்னு சொல்லு. கொடி இல்லன்னாலும் காலத் தூக்கி வைக்காம மணல தேய்ச்சிக்கினே நடக்கணும். மணலுக்குள்ள திருக்கை மீனு படுத்திருக்கும், மிதிச்சா முள்ளு ஏத்திரும்."

பக்கத்திலிருந்த மனைவி சிரித்துவிட்டாள். "ஏரில எறங்கி கையால எறா தடவிப் புடிக்கிறப்போ நாங்க எப்டி நடக்குறோமாம்?"

கடல் விஷயத்தில் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

பேத்தி சுகமாகப் பிறந்தாள். மூன்றாவது வாரம் ஒருநாள் மாலை ஐந்தரை மணி இருக்கும். நான் கரையில் படகிலிருந்து வலையை இறக்கிக்கொண்டிருந்தேன். மனைவியிடமிருந்து வீடியோ கால் வந்தது. அங்கே காலை எட்டு மணி. முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"மகளும் கொழந்தயும் தூங்குதுங்கன்னு காத்தாட கடக்கரைக்கு வந்தேன். வீடு எதுன்னு தெரில. எல்லாம் ஒரே மாதிரி மாடியா நிக்குது."

"மகளுக்குப் போன் போட்டியா?"

"எடுக்கல. ராவெல்லாம் கொழந்த அழுதுச்சு, அசந்து தூங்குது போல."

மருமகன் வேலை செய்யும் இடத்தில் போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். எனக்கு அந்த வீட்டு விலாசம் தெரியாது. தெரிந்தது திசை ஒன்றுதான்.

"பொறப்படுறப்போ கடல் எந்தக் கைப்பக்கம் இருந்துச்சு?"

"சோத்தாங்கை."

"அப்ப எடது கைப்பக்கம் கடல வெச்சிக்கினு நட. வீடு வந்துரும். பயப்படாத."

அவள் ஏற்கெனவே திரும்பி நடந்து, தெரியாமல் வீட்டைத் தாண்டி வந்திருந்தாள். திரும்பி நடந்தாயா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நான் நட நட என்று சொல்ல, அவள் வீட்டை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருந்தாள். செருப்பும் போடவில்லை; ஈர மணலில்தான் நடக்கப்போகிறோம் என்று வாசலிலேயே விட்டு வந்திருந்தாள். "ரோட்டுக்கும் மணலுக்கும் ஏறி எறங்கி கால் எரியுது" என்றாள். அதோடு படம் நின்றுவிட்டது. அவள் போனில் சார்ஜ் போய்விட்டது.

மகளை வீடியோ காலில் எத்தனை முறை கூப்பிட்டேன் என்று நினைவில்லை. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பங்காளி ஒருவர், "இன்னாபா, ஒரு மாதிரி ஒக்காந்துட்ட?" என்றார். சொன்னேன். அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வேறென்ன செய்வது? ஏரியில் படகு வராவிட்டால் இன்னொரு படகை எடுத்துக்கொண்டு தேடப் போகலாம்.

இருட்டுகிற நேரத்தில் புது நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண் ஏதோ இங்கிலீஷில் கேட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எஸ், எஸ்" என்றேன். பிறகு மனைவியின் குரல்.

"கடக்கரைல குளிக்குறவங்கள காப்பாத்துற பொண்ணு இது. ஒங்க நம்பர் மட்டுந்தான் எனக்கு மனப்பாடம். மக நம்பர சொல்லுங்க, இவங்க கூப்புடுவாங்களாம்."

மகள் நம்பர் நான் பேசிக்கொண்டிருந்த அதே போனுக்குள்தான் இருந்தது. பேசிக்கொண்டே தேடும்போது விரல் மாறிப் பட்டு, அழைப்பை நானே கட் பண்ணிவிட்டேன். திருப்பிக் கூப்பிட முடியாது. என் போனிலிருந்து வெளிநாட்டுக்குச் சாதாரண கால் போகாது. மகள் நம்பரை உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இரண்டு நிமிஷம்தான் ஆகியிருக்கும். மீண்டும் மணி அடித்ததும் எடுத்து, ஒவ்வொரு எண்ணாக இங்கிலீஷில் படித்தேன். அந்தப் பெண் மகளைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு எழுப்பினாளாம். மகள் வந்து கூட்டிப்போகும்வரை மனைவியைத் தன் காவல் கூண்டின் நிழலில் உட்காரவைத்து, காலுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள்.

ஊர் திரும்பியதும் மனைவியிடம் கேட்டேன்: "நான் சொன்னதாலதான அவ்ளோ தூரம் நடந்த. எம்மேல கோவமா?"

"இங்க ஒக்காந்துகினு நீங்க இன்னா பண்ணுவீங்க" என்றாள்.

அடுத்த தெருவில் ஒரு தம்பதி இப்போது மகன் இருக்கும் ஊருக்குக் கிளம்புகிறார்கள். அதுவும் கடற்கரை ஊர்தானாம். என்னிடம் விவரம் கேட்டு வந்தார்கள். விலாசத்தையும் நம்பரையும் தாளில் எழுதி இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கரையில் இருக்கிற காவல் கூண்டுக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கும், வீட்டுக்கு நேராக எந்த நம்பர் என்று முதல் நாளே பார்த்துவையுங்கள். செருப்பில்லாமல் இறங்காதீர்கள் என்றேன். வழி தெரியாவிட்டால் உங்களுக்குப் போன் போடலாமா என்று அந்தம்மா கேட்டார். வேண்டாம் என்றேன்.