ஒஷாவாவில் வாங்கிய கடிதம்

ஒரு கோடை முழுவதையும் தவறான ஆளிடம் வீணாக்கினேன். பிழை என்னுடையதுதான்.

அமெரிக்காவில் ஒஸ்ரியோபதி மருத்துவம் படித்தவர் முழு டொக்டர். மருந்து எழுதுவார், கையாலும் வைத்தியம் பார்ப்பார். கனடாவில் அந்தப் பெயரில் பலகை போட்டிருப்பவர் பெரும்பாலும் கையால் மட்டும் பார்ப்பவர், டொக்டர் இல்லை. இது தெரியாமல் மில்லிக்கன் பகுதிக் கடைத்தொகுதி ஒன்றில் அப்படியொருவரிடம் மூன்று மாதம் சம்பளமில்லாமல் துவாய் மடித்தேன். நல்ல மனிதர். ஆனால் நான் சேர விரும்பிய அமெரிக்க ஒஸ்ரியோபதிக் கல்லூரி அவருடைய பரிந்துரைக் கடிதம் செல்லாது என்றது. அமெரிக்காவில் ஒஸ்ரியோபதி படித்த டொக்டரே தரவேண்டுமாம். விண்ணப்பம் முடிய இரண்டு வாரம்தான் இருந்தது.

"மூண்டு மாசம் ஆற்றையோ துவாயை மடிச்சிருக்கிறாய், வீட்டில ஒரு போர்வை மடிச்சனியோ?" என்றார் அம்மா.

கண்ட கிளினிக்குக்கெல்லாம் போன் அடித்து, ஒஷாவாவில் அப்படிப் படித்த குடும்ப டொக்டர் ஒருவரைப் பிடித்தேன். பக்கத்தில் நின்று பார், கடிதம் தருவதா என்று பிறகு சொல்கிறேன் என்றார் அவர்.

ஆறாம் நாள் முழங்கால் நோவோடு ஒரு தமிழ் அங்கிள் வந்தார். மொழிபெயர்க்க என்னை விட்டார்கள். பிரஷர் எகிறியிருந்தது. பிரஷருக்குத் தந்த குளிசையைப் போடுகிறாரா என்று டொக்டர் கேட்டார்.

அங்கிள் என் பக்கம் திரும்பினார். "விட்டு ரெண்டு மாசம், பிள்ளை. போடுறன் எண்டு சொல்லிவிடும்."

"பொய் சொல்ல ஏலாது, அங்கிள்."

"ஏன், டொக்டர் உமக்குச் சொந்தமோ?"

"பக்கவாதம் வந்து விழுந்தா ஆர் தூக்கிறது? உங்கட முழங்காலோ?"

சத்தமாகத்தான் சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் டொக்டருக்கு ஆங்கிலத்தில் ஒப்பித்தேன், நான் கத்தியது உட்பட. கடிதம் போச்சு என்று நினைத்தேன்.

டொக்டர் சிரித்தார். ஏன் நிறுத்தினார் என்று கேட்டாயா என்றார். கேட்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

கேட்டேன். "அந்தக் குளிசை போட்டா கால் வீங்குது, பிள்ளை. சப்பாத்து ஏறுதில்லை. அதை ஆரும் கேக்கேல்லை" என்றார் அங்கிள்.

டொக்டர் கணுக்காலை அழுத்திப் பார்த்து வேறு குளிசை எழுதினார். பிறகு முழங்காலை மெதுவாக மடக்கி நீட்டினார். அங்கிள் கண்ணை மூடி, "இன்னும் கொஞ்சம் செய்யச் சொல்லும்" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன்.

போகும்போது, "உமக்கு வாய் கூட. அடுத்தமுறையும் நீரே நில்லும்" என்றார்.

கதவு சாத்தியதும் டொக்டர் கணினியைத் திறந்து, கல்லூரியின் முழுப்பெயர் என்ன என்று கேட்டார். இரண்டு தரம் பிழையாகச் சொன்னேன்.