ஹாரன் அடிப்பதற்குள்

வண்டிகளுக்கு சீட் தைத்துக் கொடுக்கிற சீட் கவர்க்காரர் பார்த்த படங்களுக்குக் கணக்கில்லை. ஆனால் ஏதாவது ஒரு படத்தின் முடிவைச் சொல்லுங்கள் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். எல்லாமே ஊருக்கு வெளியே இருக்கிற திறந்தவெளி தியேட்டரில், வண்டிக்குள் உட்கார்ந்தபடி பார்த்தவை. அங்கிருந்து அவர் குடும்பம் ஒரு தடவைகூடப் படம் முடிந்து கிளம்பியதில்லை.

காரணம் அவர் மகன் குட்டி. பெயர்தான் குட்டி, ஆள் அப்பாவைவிட ஒரு சாண் உயரம். மீசைகூட முளைத்துவிட்டது. உடம்பு மட்டும்தான் வளர்ந்தது என்று சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அவர்கள் கிடக்கிறார்கள். சந்தோஷம் வந்தால் குட்டி கையைத் தட்டிக்கொண்டு கத்துவான், பயம் வந்தால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். நடுவில் இன்னொன்று அவனுக்குத் தெரியாது.

ஒருமுறை ஊருக்குள் இருக்கிற தியேட்டருக்கு அவனை அழைத்துப் போனார்கள். முன்வரிசையில் இருந்தவர் திரும்பி, "இந்த மாதிரிப் புள்ளைய எல்லாம் ஏன் சார் கூட்டிட்டு வர்றீங்க? வீட்லயே வெச்சுக்க வேண்டியதுதானே?" என்றார். குட்டியின் அம்மா மகன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அந்த மனிதர் மட்டும் இன்றைக்கு என் கையில் கிடைத்தால் நான் சும்மா விடமாட்டேன்.

அதற்குப் பிறகுதான் திறந்தவெளி தியேட்டர். போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். பெரிய மைதானம், எதிரே வானத்தில் பாதியை மறைக்கிற திரை. சத்தம் வண்டி ரேடியோவில் வரும், வேண்டிய அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். வண்டி நம்முடையது, கதவு நம்முடையது. காலை நீட்டலாம், அழலாம், சண்டை போடலாம், ஏனென்று கேட்க ஆளில்லை. குட்டி மனம்போலக் கத்தினான். திரைக்கு மேலே நிஜ விமானம் ஒன்று போனால் படத்தை விட்டுவிட்டு அதற்குக் கை தட்டுவான். மகனுக்காகவே அவர் பழைய வேன் ஒன்றை வாங்கி, பின்சீட்டைத் தானே தைத்தார். அவன் எந்தப் பக்கம் சாய்ந்து மோதினாலும் வலிக்காதபடி சுற்றிலும் தடியாகப் பஞ்சு வைத்துத் தைத்த சீட் அது. காசு கொடுப்பவர்களுக்கு அவர் அப்படித் தைத்ததில்லை.

ஒரே ஒரு தொல்லை. படம் முடிந்ததும் அங்கே யாரும் கை தட்ட மாட்டார்கள், எல்லா வண்டியும் சேர்ந்து ஹாரன் அடிக்கும். முதல் நாள் அந்தச் சத்தத்தில் குட்டி மிரண்டு கண்ணாடியில் தலையை மோதிக்கொண்டான். அப்பாவும் அம்மாவும் முன்சீட்டிலிருந்து திரும்பி, ஆளுக்கொரு காதைப் பொத்தித்தான் அவனை அடக்கினார்கள். அன்றிலிருந்து கடைசி வரிசையில், வாசலை ஒட்டித்தான் வண்டி நிற்கும். சண்டைக் காட்சி சூடுபிடிக்கும்போதே அம்மா "கிளம்புங்க" என்பாள்.

மீதிக் கதையை வழியில் அப்பா சொல்லுவார். எந்தப் படமானாலும் ஒரே முடிவுதான்.

"அப்புறம் எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க."

"எல்லாருமா?" என்பான் குட்டி.

"எல்லாரும்தான்டா."

"வில்லனும்?"

"வில்லனும்தான். அவங்க அம்மா சோறு போட்டுட்டாங்க."

அதைக் கேட்டால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். அம்மா சிரிப்பாள். "ஒரு கல்யாணத்தையாவது கண்ணால பாக்க விடுறீங்களா? எனக்குத் தெரிஞ்சு எல்லா ஹீரோயினும் இன்னும் அழுதுக்கிட்டேதான் இருக்கா."

மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. கூடவே வலிப்பு. ஆஸ்பத்திரிக்குக் குட்டியோடு போன பின்சீட்டு, திரும்பும்போது காலியாக வந்தது.

அவள் அழவில்லை. சமைத்தாள், துவைத்தாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கேட்டதற்கு ம் என்பாள், அதோடு சரி. இத்தனை காலம் அவளை "குட்டியம்மா" என்றே கூப்பிட்டுப் பழகியவர், இப்போது எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "இந்தாம்மா" என்று தடுமாறினார். மகன்தான் போய்விட்டான், இவளும் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறாளே என்று அவர் பயந்தார். ஒரு படத்தை முடிவுவரை அவளுக்குக் காட்டிவிட்டால் பழையபடி ஒரு பேச்சாவது பேசுவாள் என்று நினைத்தார். பைத்தியக்கார நினைப்புதான். அவர் கையில் வேறென்ன இருந்தது?

ஒரு சாயங்காலம் அவளை வேனில் ஏற்றிவிட்டார். எங்கே என்று அவளும் கேட்கவில்லை.

தியேட்டர் வாசலில், டார்ச் அடித்து வண்டிகளை வரிசையில் நிறுத்துகிறவர் ஓடி வந்தார். "என்னண்ணே, ஆளையே காணோம்! எங்க நம்ம ஹீரோ?" என்று டார்ச்சைப் பின்சீட்டில் அடித்தார். வெளிச்சம் காலிச் சீட்டில் நின்றது. முன்னால் இருந்த இரண்டு முகங்களையும் பார்த்தார். டார்ச்சை அணைத்தார்.

"அண்ணே..." என்றார். பிறகு, "வழக்கமான இடமா?"

"வேணாம்பா. நடுவுல போடு."

நடுவரிசையில் மாட்டினால் முன்னாலும் பின்னாலும் வண்டி, நினைத்தபோது கிளம்ப முடியாது. அதற்காகத்தான் கேட்டார். படம் ஓடியது. ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். அவள் கை நீட்டிப் பழைய அளவுக்கே குறைத்தாள்.

சண்டைக் காட்சி வந்தது.

"கிளம்புங்க" என்றாள் அவள்.

"இன்னைக்கு முடிவு பாத்துட்டுப் போலாம்மா."

"சத்தம் வந்துரும். கிளம்புங்க." குரல் பதறியது. "எடுங்க வண்டிய!"

"எப்படி எடுக்கிறது? சுத்தி வண்டி நிக்குது."

திரையில் கல்யாணம் நடந்தது. அவள் தலை குனிந்திருந்தாள், அதைப் பார்க்கவில்லை. விளக்கு எரிந்தது. முதலில் ஒரு ஹாரன், அதைத் தொடர்ந்து மைதானமே அலறியது.

இருவரும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பினார்கள். அவர் கை இந்தப் பக்கம், அவள் கை அந்தப் பக்கம். குட்டியின் தலை இருக்க வேண்டிய இடத்தில், காது இருக்க வேண்டிய உயரத்தில், இரண்டு கைகளும் காற்றைப் பொத்திக்கொண்டு நின்றன. ஹாரன் ஓயும்வரை இருவரும் கையை எடுக்கவில்லை.

சத்தம் நின்றபோது அவள் அழுதாள். ஆஸ்பத்திரியில் அழாதது, வீட்டில் அழாதது எல்லாம் சேர்த்து, பின்சீட்டுப் பஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தி அழுதாள். அது எந்த வண்டிக்கும் கேட்கவில்லை. டார்ச்காரர் மட்டும் என்ன நினைத்தாரோ, பின்னால் நின்ற வண்டிகளை வேறு பக்கமாகத் திருப்பிவிட்டார். மைதானம் காலியான பிறகுதான் வேன் கிளம்பியது.

பாதி வழியில் அவளே பேசினாள். "படத்துல என்ன ஆச்சு? நான் பாக்கலை."

"நானும் சரியாப் பாக்கலை."

"அப்ப நீங்க சொல்லுங்க. எப்பவும் சொல்வீங்களே."

"அப்புறம்... எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க, குட்டியம்மா."

"எல்லாருமா?" என்றாள் அவள்.

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். அவள் "எல்லாருமா? எல்லாருமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.